ஆட்டத்துக்கு முன் ஒரு பிரார்த்தனை

(நம் சங்கத்தின் இளைஞர் கிரிக்கெட் போட்டிக்கு முந்தின மாலை நாக்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்கு உற்சாகமா ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ, பத்து நிமிஷம் போறும்" என்றார் தலைவர். ரிடையரான அரசாங்க அதிகாரியிடம் மைக்கைக் கொடுத்தால் அது பத்து நிமிஷத்தில் திரும்பி வராது என்பது அவருக்கும் தெரியும். ஆகவே ஒரே ஒரு விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற மாதம் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நம் இளைஞர் அணிகள் பயிற்சிக்கு முன்பும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வட்டமாக நிற்க வேண்டும். கோச் சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து ஸ்லோகம் சொல்ல வேண்டும். யோசனை சொன்னவர் என் நெருங்கிய நண்பர், தங்கமான மனசு. அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் என் மனசில் இருப்பதை உங்கள் எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுகிறேன்.

நான் பிரார்த்தனைக்கு எதிரி அல்ல. இன்று காலையும் சந்தியாவந்தனம் பண்ணிவிட்டுத்தான் புறப்பட்டேன். படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். ஸ்லோகம் சொன்னால் பந்து கூடுதலாகச் சுழலும் என்று நம்புகிறவன் அல்ல. இரண்டு அணியும் அதே பிள்ளையாரை வேண்டிக்கொண்டால் அவர் மாட்சை டிராவில்தான் முடிக்க வேண்டியிருக்கும்! ஆனால் பிரார்த்தனையால் ஆடுகிறவனுக்குப் பலன் உண்டு. மூச்சை நிதானமாக வெளியே விட்டால் நாடித்துடிப்பு தணியும், இது உடலியல். பதற்றம் அடங்கினால் பேட் பிடிக்கிற கை நடுங்காது.

பக்திக்கும் விளையாட்டுக்கும் நம் தேசத்தில் பழைய உறவு உண்டு. இந்த மகாராஷ்டிரத்தில் எந்தத் தாலீமுக்குள் போனாலும் மாருதி இருப்பார். பயில்வான் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மண்ணில் இறங்குவான். கேரளத்துக் களரியில் மூலையில் பூத்தறை இருக்கும். அதை வணங்காமல் யாரும் அடி எடுத்து வைப்பதில்லை.

அணியாகச் சேர்ந்து பிரார்த்தித்ததற்கும் உயர்ந்த உதாரணம் நம்மிடம் இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ், ஹாக்கி இறுதி ஆட்டம். அதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி நம்மை 4-1 என்று தோற்கடித்திருந்தது. எல்லோருக்கும் உள்ளூரக் கலக்கம். ஆகஸ்ட் 15 அன்று, களத்துக்குப் போகும் முன், குழுவின் நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா உடை மாற்றும் அறையில் காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். அதை வணங்கிப் பிரார்த்தித்துவிட்டுக் களம் இறங்கியதை தயான் சந்த் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 8-1 என்று ஜெயித்தார்கள். அந்த அணியில் ஹிந்துக்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள், ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்தது ஒரு கொடி. அதை அவரவர் அவரவர் மனசால் வணங்க முடிந்தது.

இப்போது நம் அணிக்கு வருவோம். நம் பிள்ளைகள் புனே, பெங்களூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். பல ஊர்களில் நம் கிளைக்குப் பதினொரு பேர் தேறுவதில்லை. அதனால் காலனிப் பையன்களைச் சேர்த்துக்கொள்கிறோம். நாளை ஆடப்போகும் நம் அணியின் விக்கெட் கீப்பர் ஒரு முஸ்லிம் பையன். ஆஃப் ஸ்பின் போடுகிறவன் கிறிஸ்தவன். இரண்டு பேரும் நம் பிள்ளைகளோடு வளர்ந்தவர்கள், நம் வீட்டு அடையும் அவியலும் சாப்பிட்டவர்கள். "அவாளும் சொல்லட்டுமே, என்ன தப்பு? யாரும் கட்டாயப்படுத்தலையே" என்கிறார் நண்பர்.

அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1984-ல் எனக்கு ராஞ்சிக்கு மாற்றல். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் குவார்ட்டர்ஸ் பையன்களைச் சேர்த்து ஹாக்கி சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாக்கி ரத்தத்தில் ஊறியது. ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் நிறுத்தி 'சுக்லாம்பரதரம்' சொல்லவைப்பேன். என் அணியில் கெட்டிக்காரன், ஃபார்வர்டில் ஆடின ஒரு பதின்மூன்று வயசுப் பையன். பழங்குடிக் கிறிஸ்தவக் குடும்பம். அவன் அப்பா என் செக்‌ஷனில் எல்.டி.சி. அந்தப் பையன் ஸ்லோகத்தை அட்சர சுத்தமாகச் சொல்வான். வந்தவர்களிடமெல்லாம் "பாருங்கோ, நம்ம பசங்களைவிட நன்னாச் சொல்றான்" என்று பெருமைப்படுவேன்.

இருபது வருஷத்துக்கு மேல் கழிந்து, 2006-ல், பிலாஸ்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். கறுப்புக் கோட்டுப் போட்ட டி.டி.இ. ஒருவர் வந்து காலைத் தொட்டார். அந்தப் பையன்தான்! ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் வேலை. டீ வாங்கிக்கொடுத்தார். "ஸ்லோகம் ஞாபகம் இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். அப்புறம் சிரித்துக்கொண்டே, ஹிந்தியில், இப்படிச் சொன்னார்:

"முதல் நாள் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டேன் ஸார், இதை நான் சொல்லலாமா, பாதிரியாருக்குத் தெரிஞ்சா என்ன பண்றதுன்னு. அப்பா சொன்னார்: 'சொல்லிடு. டீம் எழுதறதும் ஸாப்தான், என் சி.ஆர். எழுதறதும் ஸாப்தான்.'"

அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. என்னை இன்றும் குருவாகத்தான் நினைக்கிறார். ஆனால் அன்று ராத்திரி எனக்கு ரயிலில் தூக்கம் வரவில்லை. நான் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை; 'சொல்லாவிட்டால் ஆட முடியாது' என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சி.ஆர். என்ற இரண்டு எழுத்துக்கு எவ்வளவு கனம் என்று இங்கே இருக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

இதில் வெட்கம் என்னவென்றால், அந்தப் பையன் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அறுபதுகளில் ஜபல்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தேன். ஹாக்கி அணியில் கோல் கீப்பர். ஆட்டத்துக்கு முன் அவர்கள் ஜபம் சொல்வார்கள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். "உள்ளே என்னடா சொன்னாய்?" என்றாள். "ராமா ராமான்னு சொன்னேன்" என்றேன். "அது போறும்" என்றாள். அந்தப் பாட்டியின் பேரன்தான் பின்னால் ராஞ்சியில் வேறொரு பிள்ளையை உதட்டை அசைக்க வைத்தான்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. நம்மில் பலருக்குப் பேரன் பேத்திகள் அமெரிக்காவில். அங்கே நாம்தான் சிறுபான்மை. டெக்ஸாஸில் சாண்டா ஃபே என்ற ஊரில் பள்ளிக் கால்பந்து ஆட்டங்களுக்கு முன் ஒலிபெருக்கியில் பிரார்த்தனை சொல்லும் வழக்கம் இருந்தது. இரண்டு குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. நாஸ்திகர்கள் என்று நினைப்பீர்கள், இல்லை. ஒன்று கத்தோலிக்கக் குடும்பம், இன்னொன்று மார்மன் குடும்பம். 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கம் செல்லாது என்றது.

2022-ல் அதே நீதிமன்றம் வேறு மாதிரி தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமெர்டன் பள்ளியின் உதவிக் கோச் ஒருவர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டுப் பிரார்த்திப்பார். நாளாக ஆக மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளி நிர்வாகம் தடுத்தது. அவருடைய தனிப்பட்ட பிரார்த்தனை உரிமையை நிலைநாட்டி ஆறு நீதிபதிகள் அவர் பக்கமும், மூன்று பேர் எதிர்ப்பக்கமும் தீர்ப்பு எழுதினார்கள். அந்த வழக்கில் ஒரு தகப்பனார் சொன்னது என் மனசில் நிற்கிறது. தம் பையனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையாம். ஆனாலும் சேர்ந்துகொண்டானாம், சேராவிட்டால் ஆடும் வாய்ப்புக் குறைந்துவிடும் என்ற பயத்தால். ராஞ்சியில் எல்.டி.சி. சொன்னதும் இதுதானே?

நம் அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் இதை முன்பே யோசித்துவிட்டார்கள். 28-வது ஷரத்து, மூன்றாவது உட்பிரிவு: அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், தன் சம்மதமில்லாமல் – மைனர் என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல் – யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. நம் சங்கம் பள்ளிக்கூடம் அல்ல. அந்த ஷரத்து நம்மைக் கட்டுப்படுத்தாது. அதில் உள்ள நியாயம் கட்டுப்படுத்தும். கேரளத்தில் 1985-ல் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மௌனமாக நிற்பதும் மரியாதைதான் என்பது அதன் சாரம்.

இனி நண்பரின் ஆட்சேபணைகள். "நம்ம சங்கம், நம்ம பணம், நாம ஏன் நம்ம வழக்கத்தை விடணும்?" என்கிறார். நியாயமான கேள்வி. நம் ஹாலில், நம் ஹோமத்தில், நம் ராதா கல்யாணத்தில் ஒரு மந்திரமும் குறைய வேண்டாம். அங்கே வருகிறவன் அதற்காகவே வருகிறான். மைதானத்துக்கு வருகிறவன் கிரிக்கெட் ஆட வருகிறான். "வீட்டில்தான் சொல்லிக்கொடுப்பதில்லை, இங்கேயாவது ஸ்லோகம் கற்கட்டுமே" என்கிறார். வீட்டில் நாம் செய்யாததைக் கோச் தலையில் கட்டலாமா?

"சேர்ந்து சொன்னால்தான் ஒற்றுமை" என்கிறார். நம் சாஸ்திரம் ஜபத்தில் மூன்று வகை சொல்கிறது: வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனசுக்குள்ளேயே சொல்வது. மூன்றில் மானசிகமே உயர்ந்தது. எந்தக் கர்மாவுக்கும் சங்கல்பம் வேண்டும். நான் செய்கிறேன் என்று அவனவன் மனசு சொல்ல வேண்டும். கோச்சின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பையனுக்குச் சங்கல்பம் எங்கே இருக்கிறது? நம் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பூணூல் போட்டவனும் பயத்தில் சொன்னால் அது பிரார்த்தனை ஆகாது.

ஆகவே செயற்குழு முன் என் மாற்று யோசனை இது. ஆட்டத்துக்கு முன் அணி வட்டமாக நிற்கட்டும். காப்டன் சைகை காட்டட்டும், ஒரு நிமிஷம் மௌனம். கணபதியை நினைக்கிறவன் கணபதியை நினைக்கட்டும், அல்லாவை நினைக்கிறவன் அல்லாவை, ஏசுவை நினைக்கிறவன் ஏசுவை, ஒன்றும் இல்லாதவன் தன் மூச்சைக் கவனிக்கட்டும். ஸ்லோகம் சொல்ல ஆசைப்படும் பிள்ளைகள் கால் மணி முன்னதாக நம் ஹாலுக்கு வரட்டும். நானே சொல்லித் தருகிறேன். அதற்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. கோச் அங்கே வரக்கூடாது. யார் வந்தார், யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியக்கூடாது. பதினொரு பேரை எழுதுகிற கை பிரார்த்தனையை நடத்தக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

குழந்தைகளே, நாளைக் காலை ஆறரைக்கு மைதானத்தில் இருங்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குக் கை கொடுங்கள். பிட்சைச் சீர் பண்ணின மாலிக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்போம். ஜெயித்தவர்களுக்கும் உண்டு, தோற்றவர்களுக்கும் உண்டு.