இரண்டு சபாபதிகள்

பழைய நகைச்சுவைப் படங்களுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அதன் மூலம் நம் பக்கத்து ஊரோடு தொடர்புடையது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிய பம்மலின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர், 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த சம்பந்த முதலியார். அவருடைய 'சபாபதி' நாடகம் 1941 டிசம்பரில் படமாக வெளிவந்தது.

எசமானன் பெயர் சபாபதி. வேலைக்காரன் பெயரும் அதுவே. முன்னவராக டி. ஆர். இராமச்சந்திரனும் பின்னவராகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். வேலைக்காரன் சொல்லைப் பிடித்துக்கொள்வான். பொருளைக் கோட்டை விடுவான். இலக்கண வகுப்பில் அத்தகைய பிள்ளைகள் பலரைக் கண்டவன் ஆதலின் எனக்குச் சிரிப்பு இருமடங்கு. கே. சாரங்கபாணி தமிழாசிரியராக வருகிறார். எங்கள் இனத்தையும் படம் விட்டுவைக்கவில்லை!

'ஏழையை முட்டாளாக்கிச் சிரிப்பது முறையா, ஐயா?' என்று கல்லூரி மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. சில காட்சிகள் என் நெஞ்சையும் உறுத்துவன. ஆயினும் பாருங்கள்: தேர்வில் தேறாத அச்செல்வப் பிள்ளையின் அறிவு, வேலைக்காரனின் அறிவைவிட ஓர் அங்குலமும் உயர்ந்ததன்று. பணம் ஒருவனை எசமானனாக்கிற்று, அவ்வளவே. ஒரே பெயரை இருவருக்கும் இட்டதன் குறும்பு அதுதான். இதை எழுதியவரோ, நீதிபதியாகவும் அமர்ந்த வழக்கறிஞர்.

இன்றைய வேகத்துக்குப் படம் மெல்ல நகரும், பொறுமையுடன் காணுங்கள். அந்த எசமானனுக்குப் பின்னர்ப் பாடம் சொல்லித் தருபவர் தமிழாசிரியர் அல்லர். படித்த பெண்ணாகிய அவன் மனைவி!