வாடகை வீடு வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

(கிள்ளானில் நடைபெற்ற சமுதாயக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். உரிமை பேசும் மேடையில் இது என்ன வியாபாரப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வாடகை வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. சம்பளம் என்ன, வேலை என்ன என்று கேட்கும் முன்பே, பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்பார்கள். சில விளம்பரங்களில் "இந்தியர்களுக்கு இல்லை" என்று பச்சையாகவே எழுதியிருக்கும். அரசியலமைப்புச் சட்டத்தின் 8வது பிரிவு சமத்துவம் பேசுகிறது, உண்மைதான். ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியார் வீட்டுக்காரரை அது தொடாது.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி இருந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். ஆகவே சொத்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. வங்கிக் கடனில் வாங்கி, வாடகையில் தவணை கட்டலாம் என்ற கணக்குதான் பலருக்குப் புதிது. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். 3 லட்சம் ரிங்கிட் அடுக்குமாடி வீடு. வங்கி 90 விழுக்காடு கடன் தருகிறது, அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம். ஆக நீண்ட தவணைக் காலம் 35 ஆண்டுகள். வட்டி 4.5 விழுக்காடு என்றால் மாதத் தவணை சுமார் 1,278 ரிங்கிட். வாடகை 1,400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 122 மிச்சம் என்று சந்தோஷப்படுகிறோம். பராமரிப்புக் கட்டணமும் சேம ஒதுக்கு நிதியும் சேர்ந்து 250 என்றால் அந்த மிச்சம் அங்கேயே போயிற்று. மதிப்பீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, ஒழுகும் குழாய் எல்லாம் இன்னும் பாக்கி. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 1,400 அப்படியே நஷ்டம்.

வட்டியும் நின்ற இடத்தில் நிற்காது. 2022 மே முதல் 2023 மே வரை, ஒரே ஆண்டில், பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டியை 1.75இலிருந்து 3.00 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. நம் உதாரணத்தில் வட்டி 5.5 ஆனால் தவணை 1,450. அதற்காக வாடகைக்காரர் கூடுதலாகத் தரப்போவதில்லை.

வாங்கும் நாளில் கைக்காசும் வேண்டும். முன்பணம் 30,000. உரிமை மாற்ற முத்திரை வரி 5,000. கடன் ஒப்பந்தத்துக்கு 1,350. வழக்கறிஞர் கட்டணம் தனி. முதல் வீட்டுக்கான முத்திரை வரிச் சலுகை இரண்டாவது வீட்டுக்குக் கிடையாது. சேமநிதியில் எடுக்கலாமே என்பார்கள். முதல் வீட்டுக்கு அப்படி எடுத்திருந்தால், அதை விற்றாலோ கைமாற்றினாலோதான் இரண்டாவது வீட்டுக்கு எடுக்க முடியும். மூன்றாவது வீட்டுக் கடன் என்றால் 2010 நவம்பரிலிருந்து 70 விழுக்காடுதான் உச்சம். அதே விலை வீட்டுக்கு 90,000 முன்பணம்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கும்போது பூமிபுத்ராவுக்குக் கழிவு உண்டு. சிலாங்கூரில் 7 விழுக்காடு, ஜொகூரில் 15. நம் உதாரண வீட்டில் 7 விழுக்காடு என்றால் 21,000 ரிங்கிட். பக்கத்து வீட்டுக்காரர் அவ்வளவு குறைவாக வாங்கி, நாம் கேட்கும் அதே வாடகையைக் கேட்பார். இது நியாயமா என்பதை நம் இயக்கம் கேட்கட்டும், கேட்க வேண்டும். வாங்குபவர் பார்க்க வேண்டியது, பழைய வீட்டுச் சந்தையில் விலை பேரத்தில்தான் முடிவாகிறது என்பது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடா என்று பத்திரத்தைப் பார்த்துவிட்டு அங்கே போவதே நமக்கு லாபம் என்பது என் கருத்து.

லேலோங்கில் மலிவு என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலத்தில் 10 விழுக்காடு வைப்புத்தொகை அன்றே கட்ட வேண்டும். மீதியை 90 அல்லது 120 நாளில் கட்டாவிட்டால் வைப்புத்தொகை பறிபோகும். கடன் கிடைக்குமா என்று தெரியாமல் கை தூக்காதீர்கள். உள்ளே இன்னும் பழைய குடும்பம் இருக்கலாம், அவர்களை வெளியேற்றும் வேலையும் உங்கள் தலையில். தோட்டத்திலிருந்து நம்மை வெளியேற்றியபோது எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுங்கள்.

இனி, ஹோட்டல் கருத்தரங்குகள். "கைக்காசு இல்லாமல் ஐந்து வீடு" என்பார்கள். ஒரே வாரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பம் போட வைப்பார்கள். ஒரு வங்கியின் கடன் சிசிரிஸ் பதிவில் ஏறுவதற்குள் மற்ற வங்கிகளும் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தந்திரம். ஒப்பந்தத்தில் விலையை ஏற்றிக் காட்டி, கூடுதல் கடனை ரொக்கமாகக் கையில் கொடுப்பார்கள். அது திறமை அல்ல, வங்கியை ஏமாற்றுவது. கையெழுத்து உங்களுடையது. வாடகை வராத ஐந்து வீட்டுக்கும் தவணை கட்டுவது நீங்கள். கருத்தரங்கு நடத்தியவர் கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிட்டார்.

அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அந்தக் கடன் பாதிப் பாதியாக அல்ல, முழுதாக இருவர் பெயரிலும் பதிவாகும். ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்குப் போகாது. உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று பிரியும். உயில் எழுதிவிட்டுச் சேர்ந்து வாங்குங்கள்.

வாங்கியாயிற்று, வாடகைக்காரர் வருகிறார். ஒப்பந்தம் எழுதி முத்திரை வரி கட்டுங்கள். இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்பது வழக்கம். வாடகை தராவிட்டால் பூட்டை மாற்றாதீர்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டுங்கள். கடன் வட்டியைக் கழிக்கலாம், முதலைக் கழிக்க முடியாது.

நம்மவர்களே நம்மவர்களுக்கு வீடு தர மறுப்பதையும் பார்த்திருக்கிறேன். "நம்ம ஆளு வேண்டாம், பிரச்சினை" என்பார்கள். சம்பளச் சீட்டைப் பாருங்கள், முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள், அந்த அளவுகோலை எல்லா இனத்தாருக்கும் வையுங்கள். வங்காளதேசத் தொழிலாளி கேட்டு வந்தாலும் அதே அளவுகோல்தான்.

வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இன்றிரவே பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இலவசம்தான். கடந்த 12 மாதத்தில் எந்தத் தவணை தாமதமானது என்று அதில் இருக்கும். மோட்டார் சைக்கிள் கடனில் இரண்டு மாதம் தவறியதால் வீட்டுக் கடன் நின்றுபோனவர்கள் உண்டு. அறிக்கையைக் கையோடு கொண்டு வந்தவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.