கண்ணுக்குத் தெரியாத நீர்



கல்வராயன் மலையில் மழை பெய்தால் கோமுகி அணை நிறையும். கோமுகி நிறைந்தால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்கள் விளையும். இதை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். ஆனால் அம்மழை மேகமாய்த் திரளுமுன் எங்கே இருந்தது? கண்ணுக்குப் புலப்படாத நீராவியாய்க் காற்றிலேயே இருந்தது. அதை அளப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற பாடம். ஆகவே உங்கள் வகுப்பறையிலிருந்தே தொடங்குவோம். அதன் நீளம் 10 மீட்டர், அகலம் 8, உயரம் 4 என்று கொள்வோம். 30 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், அவ்வறைக் காற்றில் ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீர் மறைந்திருக்கிறது. ஓர் அறையிலேயே அரைக் குடம் என்றால், மலையைச் சூழ்ந்த காற்றில் எவ்வளவு இருக்கும்!

மொத்த அளவு மட்டும் தெரிந்தால் போதாது. எந்த உயரத்தில் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். காற்றிலுள்ள நீராவியில் சுமார் பாதி, தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஈரக் காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போதுதான் குளிர்ந்து மேகமாகிறது. சென்னை, காரைக்கால் போன்ற நிலையங்களிலிருந்து கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளக்கிறார்கள். ஆனால் பலூன், தான் செல்லும் ஒரே பாதையைத்தான் அறியும். இடைப்பட்ட பெருவெளிக்கு யார் சாட்சி?

அங்கேதான் விமானத்தில் ஏற்றிய லைடார் என்னும் ஒளிக்கருவி உதவுகிறது. அது லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகக் கீழே செலுத்துகிறது. தூசியிலும் காற்றின் மூலக்கூறுகளிலும் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு தொலைநோக்கி ஏற்கிறது. 3 கிலோமீட்டர் கீழிருந்து ஒளி திரும்ப, ஒரு வினாடியில் 50,000-இல் ஒரு பங்கு நேரம் போதும். திரும்பிய நேரம் தொலைவைச் சொல்லும். நீராவியின் அளவைச் சொல்வது எது?

இரண்டு சிறுவரிடம் சமமாகக் காசு கொடுத்துச் சந்தைக்கு அனுப்புங்கள். வழியில் இருவரும் ஒரே அளவு சுங்கம் செலுத்த வேண்டும். ஒருவன் பொரியுருண்டைக் கடையைக் கண்டால் வாங்காமல் நகரான். மற்றவனோ திரும்பியும் பாரான். இருவர் கையில் எஞ்சிய காசின் வேறுபாடே வழியிலிருந்த கடைகளின் கணக்கு. ஒருவனை மட்டும் அனுப்பியிருந்தால், குறைந்த காசு சுங்கத்திற்குப் போயிற்றா, கடைக்குப் போயிற்றா என்று தெரியுமா? லைடாரும் இவ்வாறே மிக நெருங்கிய இரண்டு நிறங்களை அனுப்புகிறது. ஒன்றை நீராவி உட்கொள்ளும். மற்றொன்றைப் பெரும்பாலும் தீண்டாது. தூசியால் நேரும் குறைவு இரண்டுக்கும் பொது. ஆகவே வேறுபாடே நீராவியின் அளவு. அடர்ந்த மேகத்தை மட்டும் இவ்வொளியால் ஊடுருவ இயலாது.

இதனால் பயன் உண்டா? 1998-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ‘லேஸ்’ என்னும் லைடாரை விமானத்தில் ஏற்றி, அட்லாண்டிக் புயல்களைச் சூழ்ந்த ஈரத்தை அளந்தது. அவ்வளவுகளைக் கணிப்பில் சேர்த்தபோது புயலின் பாதை மேலும் செம்மையாகப் புலப்பட்டது. 2003-இல் வெளிவந்த அவ்வாய்வில் பங்குகொண்டவர்களுள் ஒருவர், 1932-இல் சென்னையில் பிறந்த வானிலை அறிஞர் டி. என். கிருஷ்ணமூர்த்தி. திருப்பதிக்கு அருகே காதங்கியிலும் 1998-இல் தரையில் லைடார் நிறுவப்பட்டது.

புயலின் பாதையை முன்னறிவது கரையோர மக்களின் உயிரைக் காப்பது. மழையை முன்னறிவது விதைத்தவனின் ஓராண்டு உழைப்பைக் காப்பது. கல்வராயன் மலைமீதும் ஒருநாள் இத்தகைய விமானத்தைச் செலுத்தி, அதன் கணக்கைப் படிப்பவர் உங்களுள் ஒருவராக இருக்கட்டும். காணாத பொருளையும் அளக்கலாம். அதற்கு ஒத்துப்பார்க்க நேர்மையான இரண்டாவது சாட்சி ஒன்று வேண்டும். விஞ்ஞானத்தின் வழி அதுவே.