சாமி எதையாவது கேட்டதுண்டா?



பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் சிலர் புனேக்கு, ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறீர்கள். அங்கே கேண்டீனில் ஒரு பேச்சு காதில் விழும்: “மதம், சடங்கெல்லாம் வேண்டாம்ப்பா. ஆனா மேலே ஒரு சக்தி இருக்கு. பாசிட்டிவா நினைச்சா பிரபஞ்சம் கொடுத்துடும்.” நீங்களே பேசியிருப்பீர்கள். குற்றம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சக்தி உங்களிடம் எப்போதாவது எதையாவது கேட்டதுண்டா?

அமெரிக்கப் பதின்வயதினரின் கடவுளைப் பற்றி சமூகவியலாளர்கள் கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 2005-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள். அந்தக் கடவுள் கூப்பிட்டால் வருவார், காரியத்தை முடித்துக் கொடுப்பார், மற்ற நேரம் தொந்தரவு செய்ய மாட்டார். இப்போது நம்மூரிலும் அவர்தான் வேலை பார்க்கிறார் போலிருக்கிறது.

புனே பக்கத்துச் சாமி விட்டலன் அப்படிப்பட்டவர் அல்ல. தேஹு ஊர்ப் பக்திக் கவி துகாராம் 1630-ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். விட்டலனைக் கொஞ்சியும் பாடினார், ஏசியும் பாடினார். விட்டலனுக்காகத் துளசி மாலை போட்ட வார்க்கரிக்கு இன்றும் கறி கிடையாது, குடி கிடையாது. வருஷா வருஷம் விட்டலன் கோயில் இருக்கும் பண்டரிபுரத்துக்கு நடை உண்டு.

அதே விட்டலன் கோயிலுக்குள் தலித்துகளை விடாமல் வைத்திருந்ததும் உண்மை. வெட்கக்கேடு. கதவைத் திறக்கச் சொல்லி 1947-ல் உண்ணாவிரதம் இருந்தவர் சானே குருஜி, பக்தர். திறந்தார்கள். மறு ஆண்டு அவர் ‘சாதனா’ என்ற வார இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதன் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் நரேந்திர தாபோல்கர், நாத்திகர், மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் கண்ட டாக்டர். 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போனவரைப் புனே ஓம்காரேஷ்வர் பாலத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவர் பல ஆண்டுகள் போராடிக் கேட்ட மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் அந்த டிசம்பரில்தான் மராட்டியச் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

ஒருவர் கும்பிட்டார், ஒருவர் கும்பிடவில்லை. இருவரிடமும் அவரவர் கொள்கை பெரிய விலை கேட்டது. கொடுத்தார்கள்.

புனே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன், ஜூலையில் மகான் ஞானேஸ்வரரின் பல்லக்கு வார்க்கரிகளோடு பண்டரிபுரம் நோக்கி ஊரைக் கடந்து திவே காட் மலையேறி சாஸ்வட் போகும். ஒரு நாள் லீவு போட்டு அதோடு நடந்து பாருங்கள். அது ஒத்துவராதென்றால் தாபோல்கர் எழுதியதை வாங்கிப் படியுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்.