விண்வெளி வீரரின் தலைக்கவசம்

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயூஸ் கலத்தில் அணிந்து சென்ற ‘சோகோல்’ உடையின் தலைக்கவசம் துணியாலானது என்றோம். மாட்டுங்கா லேபர் கேம்பில் தோற்பை தைக்கும் நண்பர் உடனே வினவினார்: “தையல் துளை வழியே காற்றுப் போய்விடாதோ?”

தொழிலறிந்தவர் வினா! காற்றைக் காப்பது துணியன்று. உள்ளிருக்கும் ரப்பர் உறை. மேலுள்ள நைலான் துணி, அவ்வுறை உப்பிவிடாமல் பிடித்துக்கொள்கின்றது. முகத்தெதிரே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி. தாழ்த்திப் பூட்டினால் காற்று கசியாது. உயர்த்தினாலோ துணி மடிந்து இடமளிக்கும். நெருக்கடியான கலத்தில் அது பெரிதல்லவா?

இடமின்மையால் நேர்ந்த கேடும் உண்டு. 1971 ஜூன் 30-இல், சோயூஸ் 11 திரும்புகையில் வால்வு ஒன்று திறந்து காற்று வெளியேறிற்று. அழுத்த உடையின்றிச் சென்ற மூவரும் மாண்டனர். 1973 முதல் ‘சோகோல்’ கட்டாயமாயிற்று. அதற்கு இடங்காண, சில ஆண்டுகள் இருவரையே அனுப்பினர்.