கேம்ஷாப்டை மாற்றுவதற்கு முன்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் கடற்கரைப் பாதையில் இன்றும் மொறிஸ் மைனர் வண்டிகளைக் காணலாம். 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இவ்வண்டி இலங்கையில் இத்துணை நீண்ட ஆயுளைப் பெற்றமைக்குப் பாசம் மாத்திரம் காரணமன்று. 1960களிலும் 1970களிலும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும், உள்ளதைப் பழுதுபார்த்து ஓட்டும் கலையை நமக்குக் கற்பித்தன. கலைப் பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். சான்று இல்லாமல் தீர்ப்பு வழங்கலாகாது என்று வரலாற்று வகுப்பில் நான் சொல்லிவருவது கராஜுக்கும் பொருந்தும். எனக்குள்ள உரிமை அவ்வளவே.

மைனரில் 1952 முதல் பொருத்தப்பட்ட 'ஏ' வரிசை இயந்திரத்தில் எட்டு வால்வுகள் உள்ளன. அவற்றைத் திறக்கும் கட்டளை கீழே, இயந்திரத்தின் உடலுக்குள் சுழலும் கேம்ஷாப்டிலிருந்து பிறக்கிறது. அத்தண்டிலுள்ள முட்டை வடிவப் புடைப்பு டப்பெட்டை உயர்த்தும். டப்பெட் புஷ்ரொட்டை உயர்த்தும். புஷ்ரொட் ரொக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அமுக்கும். இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது கேம்ஷாப்ட் அதன் பாதியளவு, அதாவது 1500 முறை சுழல்கிறது. ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இந்தத் தொடரில் எந்தக் கண்ணி தேய்ந்தாலும் மேலே கேட்பது ஏறக்குறைய ஒரே 'டக் டக்' ஓசைதான். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

சாய்ந்தமருதுவில் எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் தமது 1098 சி.சி. மைனரைத் திருமண வீடுகளுக்கும், நோயாளரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கும் வாடகைக்கு ஓட்டி வந்தார். ஓசை கேட்ட ஒரு கராஜில், கேம்ஷாப்ட் போய்விட்டது, இயந்திரத்தை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்கப்பட்ட தொகை அவருடைய நான்கு மாத உழைப்பு. வண்டியை இரும்பு விலைக்கு விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "காக்கா, அளந்து பார்த்தார்களா?" என்று கேட்டேன். "இல்லை அதிபர், காது வைத்துப் பார்த்தார்கள்" என்றார்.

அளப்பது கடினமன்று. வால்வுக்கும் ரொக்கருக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.012 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு, ஒன்பதின் கணக்கை நினைவில் வையுங்கள்: முதலாவது வால்வைச் சரிசெய்ய எட்டாவது முழுதும் திறந்திருக்க வேண்டும், மூன்றாவதற்கு ஆறாவது, ஐந்தாவதற்கு நான்காவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. என் மாணவருக்கு இக்கணக்கு வாய்பாட்டைவிட விரைவில் மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் இடைவெளி எல்லா உண்மையையும் சொல்லிவிடுவதில்லை. ரொக்கரின் நுனியில் குழி விழுந்திருந்தால், பீலர் கேஜின் தட்டையான தகடு அக்குழியின்மேல் பாலம்போலக் கிடந்து, இடைவெளி சரியென்று பொய்ச் சாட்சி சொல்லும், ஓசையோ நிற்காது. 2002 இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பின்னர், பழைய தலைப்பகுதிகளில் வால்வு இருக்கைகள் உள்வாங்கத் தொடங்கின; அங்கே இடைவெளி பெருகுவதில்லை, நாளடைவில் குறைந்துகொண்டே போகிறது. எனவே இடைவெளி அடிக்கடி இறுகினால் இருக்கையைச் சந்தேகியுங்கள். கேம் புடைப்பின் நுனி தேய்ந்திருந்தாலோ இடைவெளியில் அது தெரியவே தெரியாது. ஏனெனில் நாம் இடைவெளியை அளப்பது புடைப்பின் மறுபுறத்தில், வால்வு மூடியிருக்கும் வேளையில்.

அதற்கு உயர்வை அளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்காம் கியரில் வண்டியை மெல்லத் தள்ளினால் இயந்திரம் சுழலும். ஒவ்வொரு புஷ்ரொட்டின் மேல்முனையிலும் டயல் கேஜை ஊன்றி, அது எவ்வளவு எழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 1, 4, 5, 8 ஆகியவை புகை வெளியேறும் வால்வுகள். 2, 3, 6, 7 காற்றுக்கலவை உட்புகும் வால்வுகள். ஓரினத்தை அவ்வினத்தோடு ஒப்பிட வேண்டும். நால்வருள் ஒருவர் மாத்திரம் குள்ளமாக நின்றால் அவரே குற்றவாளி.

முதியவரின் வண்டியில் எட்டும் ஒத்தே நின்றன. ரொக்கர்களைத் தாங்கும் தண்டைக் கழற்றிப் பார்த்தோம்; அதன் அடிப்புறத்தில் ஒவ்வொரு ரொக்கரும் ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. தண்டும் புஷ்களும் மாற்றப்பட்டன; இயந்திரம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இதைச் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை: ரொக்கர் தண்டைப் பிடிக்கும் நட்டுகளுள் நான்கு தலைப்பகுதியையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே நீரை வடித்து, தலைப்பகுதி நட்டுகள் அனைத்தையும் முறையாகத் தளர்த்த வேண்டும். இன்றேல் தலைப்பகுதி வளைந்து சிலிண்டருக்குள் நீர் இறங்கும்.

என்னுடைய வண்டியின் கதை வேறு. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அது மாதக்கணக்கில் கடற்காற்றில் நின்றது. ஓட்டிய நாட்களிலும் எரிபொருள் வரிசையில் அணைத்து, இயக்கி, அடி அடியாக நகர்ந்தது. நின்ற இயந்திரத்தின் புடைப்புகளிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். உப்புக் காற்று துருப்புள்ளிகளை இடும். மெதுவாக இயங்கும்போதோ போதிய எண்ணெய் அவற்றின்மேல் சிதறுவதில்லை. சில நாட்களில் கார்புரேட்டர் வழியாகத் தும்மல் எழுந்தது. எட்டாம் புஷ்ரொட் ஏனைய மூன்றைவிடத் தெளிவாகவே குறைந்து எழுந்தது. வெளியேற வேண்டிய புகை முழுதும் வெளியேறாமல், உட்புகும் வால்வு திறந்ததும் பின்னோக்கிப் பாய்ந்ததே அந்தத் தும்மல்.

இங்கே மாற்றுத் தண்டைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. இளைஞர் பலர் வேகப் போட்டிக்குரிய கேம்ஷாப்டைப் பரிந்துரைத்தனர். அமெரிக்காவில் 1964 இல் பொண்டியாக் ஜீ.டி.ஓ. போன்ற வலிய வண்டிகள் வந்த காலந்தொட்டு, வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் தண்டுகளில் ஒரு மோகம் உண்டு. அதன் இயந்திரமோ 389 கன அங்குலம், நம்முடையது 67. போட்டித் தண்டில் உட்புகும் வால்வும் வெளியேறும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் மிகுதி. உயர் சுழற்சியில் அது பலம் தரும். குறைந்த சுழற்சியில் இழுவையைப் பறிக்கும். கல்முனைச் சந்தைக்கு முன்னால் முச்சக்கர வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே இரண்டாம் கியரில் ஊர்பவனுக்கு உயர் சுழற்சி எதற்கு? தொழிற்சாலை அளவையொத்த சாதாரணத் தண்டையே நான் வாங்கினேன்.

பழைய தண்டைத் தீட்டித் தருவோரும் உண்டு. கடினமான மேற்படையைத் தாண்டித் தீட்டிவிட்டால் அது விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் அவ்வழியை நான் விரும்பவில்லை. கடையில் கையில் எடுக்கும்போது தண்டின் பின்முனையைப் பாருங்கள். எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது அம்முனைதான். அது ஊசி, வெட்டுப்பள்ளம், நட்சத்திரம் என வெவ்வேறு வடிவங்களில் உண்டு. பம்போடு பொருந்தாத தண்டு எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. டப்பெட்டுகள் எட்டையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய டப்பெட்டின் முகம் பழைய புடைப்போடு தேய்ந்து பழகியது. புதிய தண்டோடு சேர்த்தால் அதையும் தின்றுவிடும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். இக்காலக் கார்களின் புகைவடிகட்டிகளைப் பாதுகாக்க, புதிய பெற்றோல் எண்ணெய்களில் துத்தநாகமும் பொசுபரசும் சேர்ந்த காப்புப் பொருளைக் குறைத்துவிட்டார்கள். நம் தட்டை டப்பெட்டுகளுக்கு அது இன்றியமையாதது. பழைய இயந்திரங்களுக்கென்றே செய்யப்படும் 20டபிள்யூ-50 வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது ஒவ்வொரு புடைப்பிலும் டப்பெட்டின் முகத்திலும் அதற்குரிய பசையைத் தாராளமாகப் பூசுங்கள். முதன்முறை இயக்கியதும் மெல்ல ஓட விட்டு அழகு பார்க்கலாகாது. உடனே நிமிடத்துக்கு 2000 சுழற்சியளவில் உயர்த்தி, 20 நிமிடங்கள் சற்று ஏற்றியும் இறக்கியும் ஓடவிட வேண்டும். முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பின் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்து, ஒரு காந்தத்தை அதில் அலையவிட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையாகச் சிறிது ஒட்டினால் அச்சமில்லை. மின்னும் துகள்கள் ஒட்டினால் வண்டியை ஓட்டாமல் மறுபடியும் உயர்வை அளந்து பார்க்க வேண்டும்.