'எனக்குத் தலை வலிக்குது': ஸ்பானிஷ் கத்துக்க நம்ம கையில இருக்கிற குறுக்குவழி

இன்னைக்கு எபிசோட் ஒரு குட்டி வார்த்தையைப் பத்தி. ஸ்பானிஷ்ல 'மெ'. நம்ம ஊர் 'எனக்கு'. அதை ஒரு தடவை விட்டுட்டேன், வேலையில மாட்டிக்கிட்டேன்.

எங்க டீம்ல பாதிப் பேர் மெக்சிகோவில் இருக்காங்க. நானும் ஒரு வருஷமா ஸ்பானிஷ் படிச்சிட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, டெஸ்ட் சர்வர்ல இருந்த ஒரு கான்ஃபிக் ஃபைலைத் தெரியாம டெலீட் பண்ணிட்டேன். டீம் சாட்ல ஸ்பானிஷ்லயே எழுதுவோமேன்னு, 'போர்ரே எல் அர்ச்சீவோ'ன்னு போட்டேன். அதாவது, 'ஃபைலை அழிச்சேன்'. இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனா நான் ஏதோ சுத்தம் பண்ற வேலை செய்றேன்னு நினைச்சு எல்லாரும் விட்டுட்டாங்க. பேக்கப் எடுத்துக் கொடுக்க யாரும் வரல. அரை மணி நேரம் கழிச்சு ஒருத்தர் கேட்டார்: "ஏன் அழிச்சீங்க?"

நான் எழுதியிருக்க வேண்டியது 'செ மெ போர்ரோ எல் அர்ச்சீவோ'. அதுக்கு என்ன அர்த்தம்னு கடைசியில சொல்றேன். முதல்ல இந்த 'மெ' எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

ஆங்கிலத்துல ஒரு பெண்ணைப் பார்த்தாலும் 'ஹெர்', அவளுக்கு புக் கொடுத்தாலும் 'ஹெர்'. தமிழ்ல 'அவளை' வேற, 'அவளுக்கு' வேற. ஸ்கூல்ல இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமைன்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். ஸ்பானிஷும் இங்க நம்ம பக்கம். 'லா வி'ன்னா அவளைப் பார்த்தேன். 'லெ தி உன் லிப்ரோ'ன்னா அவளுக்கு ஒரு புக் கொடுத்தேன். ஆனா 'மெ', 'தெ', 'நோஸ்' மூணுலயும் இந்த வித்தியாசம் தெரியாது. 'என்னை'யும் 'மெ'தான், 'எனக்கு'ம் 'மெ'தான்.

அடுத்தது, எல்லாரும் திணறுற இடம். 'மெ குஸ்தா எல் கஃபே'. ஆங்கிலம் வழியா வந்தா, 'காபி எனக்கு இனிமையா இருக்கு'ன்னு தலைகீழா யோசிக்கணும்னு சொல்லித் தருவாங்க. நமக்கு எதுக்கு அந்தச் சுத்து? 'எனக்குக் காபி பிடிக்கும்'. 'நான்' அங்க இல்லவே இல்லை. 'மெ துவெலெ லா கபேசா' இன்னும் அழகு. 'எனக்குத் தலை வலிக்குது'. வார்த்தைக்கு வார்த்தை பொருந்துது. ஆங்கிலத்துல 'என் தலை'ன்னு சொந்தம் கொண்டாடணும். இங்க 'எனக்கு'ன்னு சொன்னாலே போதும், யார் தலைன்னு தெரிஞ்சிடும்.

'உனக்கு அதை அனுப்புறேன்' ஸ்பானிஷ்ல 'தெ லோ மாந்தோ'. உனக்கு, அதை, அனுப்புறேன். அதே வரிசை! ஆங்கிலத்துல இதை அப்படியே திருப்பிப் போடணும்.

சரி, தமிழ் கைவிடுற இடங்களும் இருக்கு. அதையும் சொல்லணும்ல?

ஒண்ணு, பிடிச்ச பொருள் பன்மையா இருந்தா வினையும் மாறும். ஒரு பூனைன்னா 'குஸ்தா', நிறைய பூனைன்னா 'குஸ்தான்'. நம்ம 'பிடிக்கும்' எதுக்கும் அசையாது.

ரெண்டு, ஸ்பானிஷ்ல ஒரே ஆளை ரெண்டு தடவை சொல்லுவாங்க. 'லெ தி எல் லிப்ரோ ஆ மரியா'. 'அவளுக்குப் புக்கைக் கொடுத்தேன், மரியாவுக்கு'ங்கிற மாதிரி. நமக்கு அந்த 'லெ' வேண்டாத சுமையாத் தெரியும். அவங்களுக்கு அது இல்லாட்டி வாக்கியம் மொட்டையா இருக்கும். 'லெ'ன்னா அவனுக்கு, அவளுக்கு, மரியாதையா 'உங்களுக்கு', மூணும் வரும். அதனால யாருக்குன்னு பின்னாடி சொல்லித் தெளிவுபடுத்துவாங்க.

மூணு, 'லெ'யும் 'லோ'வும் பக்கத்துல வரக்கூடாது. வந்தா 'லெ' போய் 'செ' ஆயிடும். 'அவளுக்கு அதைக் கொடுத்தேன்'னா 'செ லோ தி'.

நாலு, எல்லா 'எனக்கு'வும் 'மெ' இல்லை. 'எனக்குத் தெரியும்'னு சொல்ல நினைச்சு 'மெ சாபெ'ன்னு சொல்லிடாதீங்க. அது ருசியைப் பத்தின பேச்சு. தெரியும்னா வெறும் 'செ'. 'எனக்குப் பசிக்குது'க்கும் 'மெ' வராது. 'தெங்கோ ஆம்ப்ரெ', பசியை வச்சிருக்கேன்னு சொல்லணும்.

இப்ப நம்ம ஃபைலுக்கு வருவோம். தமிழ்ல 'அழிச்சேன்' இருக்கு, 'அழிஞ்சிடுச்சு' இருக்கு. ஸ்பானிஷ்லயும் 'போர்ரே'ன்னா நான் அழிச்சேன், 'செ போர்ரோ'ன்னா அழிஞ்சிடுச்சு. நடுவுல 'மெ' சேர்த்தா, 'செ மெ போர்ரோ'. அழிஞ்சிடுச்சு, என் கையில இருக்கும்போது, வேணும்னு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஏதாவது உடைஞ்சா நம்ம ஆஃபீஸ்ல ரெண்டே பேச்சு. ஒண்ணு, 'இவன்தான் பண்ணான்'. இல்லாட்டி ரிப்போர்ட்ல, 'ஃபைல் டெலீட் செய்யப்பட்டது', ஆளே இல்லாம. அந்த 'மெ' ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. தப்பு நடந்தப்ப நான் அங்க இருந்தேன், ஒளிஞ்சுக்கல, ஆனா நினைச்சுப் பண்ணல.

அன்னைக்கு அந்த ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தா பேக்கப் உடனே வந்திருக்கும். திங்கட்கிழமை கால்ல நானே சொன்னேன்: "செ மெ போர்ரோ". அந்தப் பக்கத்துல ஒருத்தர் சிரிச்சுட்டு, "எங்க எல்லாருக்கும் நடந்திருக்கு"ன்னார். அதுலயும் ஒரு 'நோஸ்' இருந்தது, எங்களுக்கு!

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும் பேக்கப் எடுத்து வைங்க.